சின்ன கார்தானே என்று கையெழுத்துப் போடும் முன்: கடனிலும் லீஸிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷோரூமில் உட்கார்ந்ததும் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் காரைப் பற்றி இருக்காது. “மாசம் எவ்வளவு கட்ட முடியும் சார்?” என்பார்கள். அக்கறையாகக் கேட்பது போலத்தான் இருக்கும். ஆனால் அதற்கு ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் பேரம் அங்கேயே முடிந்துவிடுகிறது. நீங்கள் சொன்ன எண்ணுக்குள் எந்தக் காரையும் அடக்கிக் காட்ட அவர்களால் முடியும். காலத்தை நீட்டலாம், முன்பணத்தை ஏற்றலாம், கடைசியில் ஒரு பெரிய தொகையைத் தள்ளி வைக்கலாம். காரின் விலை சல்லிக்காசு குறைந்திருக்காது, தவணை மட்டும் சொன்னபடி வந்து நிற்கும்.

பெரிய கார் வாங்குகிறவர் கால்குலேட்டரோடு உட்காருவார். சின்ன கார் வாங்குகிறவர்தான் தவணையைப் பார்த்ததும் “இவ்வளவுதானே” என்று பேனாவை எடுத்துவிடுகிறார். அதனால் அந்தக் கேள்விக்கு என் பதில் இதுதான்: “அதை அப்புறம் பேசலாம், முதலில் காரின் மொத்த விலையைச் சொல்லுங்கள்.” விலை முடிவான பிறகு வட்டி, வட்டி முடிவான பிறகு காலம், கடைசியில்தான் தவணை. இந்த வரிசையைத் தலைகீழாக்குவதுதான் முதல் தவறு. மற்றவற்றில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

தவணை குறைய, கடன் வளர்கிறது

ஒரு லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும், கணக்கு மாறாது. ஆண்டு வட்டி 9 சதவீதம். கட்டக் கட்ட அசல் குறைந்து, மீதிக்கு மட்டும் வட்டி போடும் முறை. 3 ஆண்டில் அடைத்தால் மாதம் சுமார் 3,180 கட்ட வேண்டும், மொத்த வட்டி 14,480. அதையே 5 ஆண்டாக்கினால் தவணை 2,076, வட்டி 24,550. 7 ஆண்டுக்கு இழுத்தால் தவணை 1,609தான், ஆனால் வட்டி 35,150. தவணை பாதியாகிவிட்டது, வட்டி கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு ஆகிவிட்டது.

அந்த 7 ஆண்டுக் கடனின் முதல் தவணையைப் பிரித்துப் பாருங்கள். கட்டும் 1,609இல் 750 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 859. இப்படியே மூன்று ஆண்டு, அதாவது 36 தவணை, கிட்டத்தட்ட 57,900 கட்டி முடித்திருப்பீர்கள். அன்றைக்கு வங்கியில் கேட்டால் இன்னும் 64,650 பாக்கி என்பார்கள்.

அதே நாளில் கார் என்ன விலைக்குப் போகும்? முழு விலைக்கும் கடன் வாங்கியிருந்து, மூன்று வயதான கார் 60 சதவீதத்துக்கு விலைபோகிறது என்றால் கையில் வருவது 60,000. காரை விற்றாலும் கடன் தீராது. திருடு போனாலோ, விபத்தில் சரிசெய்ய முடியாதபடி நொறுங்கினாலோ காப்பீட்டு நிறுவனம் பொதுவாக அன்றைய சந்தை மதிப்பைத்தான் தரும். உங்கள் கடன் பாக்கி எவ்வளவு என்பது அவர்கள் கவலை இல்லை. இந்த இடைவெளியை நிரப்பத்தான் ‘கேப் இன்சூரன்ஸ்’ என்று ஒன்று விற்கிறார்கள். அது தேவைப்படும் அளவுக்குக் காலத்தை நீட்டாமல் இருப்பது அதைவிட மலிவு. ஐந்து ஆண்டுக்குள் அடைக்க முடியாத சின்ன கார், நமக்குச் சின்ன கார் இல்லை என்றே நான் சொல்வேன். இரண்டு மூன்று ஆண்டு ஓடிய அதே மாடலைப் பார்க்கலாம். செகண்ட் ஹேண்ட் காருக்கு வட்டி சற்றுக் கூடுதலாக இருக்கும்தான். ஆனால் விலை வேகமாக இறங்கும் முதல் சில ஆண்டுகளின் நஷ்டத்தை வேறொருவர் ஏற்கெனவே சுமந்திருப்பார்.

7 சதவீதம் 9ஐவிடக் குறைவா?

எல்லா நேரமும் அப்படி இல்லை. கேட்க வேண்டிய கேள்வி “எத்தனை சதவீதம்” என்பதோடு முடியக் கூடாது, “ஃபிளாட்டா, டிமினிஷிங்கா” என்றும் கேட்க வேண்டும். டிமினிஷிங் என்பது மேலே பார்த்த, குறையும் மீதிக்கு மட்டும் வட்டி போடும் முறை. ஃபிளாட் வட்டியில் நீங்கள் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும், கடைசி மாதம் வரை முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் வட்டி போடுவார்கள். ஒரு லட்சத்துக்கு 7 சதவீத ஃபிளாட், 5 ஆண்டு என்றால் வட்டி 35,000. தவணை 2,250. இதைக் குறையும் மீதிக்கான வட்டியாக மாற்றினால் சுமார் 12.5 சதவீதம் வரும். மேலே பார்த்த 9 சதவீதக் கடனில் அதே 5 ஆண்டுக்கு வட்டி 24,550தான் என்பதை நினைவில் வையுங்கள். பலகையில் 7 என்று எழுதியிருந்த கடன்தான் பத்தாயிரத்துக்கு மேல் கூடுதலாக வாங்குகிறது.

விளம்பரத்தில் வரும் வட்டி உங்களுக்குத்தான் என்று நினைப்பதும் தவறு. பிரிட்டனில் விளம்பரப்படுத்தும் மாதிரி வட்டி, கடன் பெறுபவர்களில் குறைந்தது 51 சதவீதம் பேருக்குக் கிடைப்பதாக இருந்தால் போதும். மீதிப் பேருக்குக் கூடுதலாக இருக்கலாம், அதில் விதிமீறல் இல்லை. ஆகவே எழுத்தில் உங்கள் பெயருக்கு வந்த வட்டி எதுவோ அதை மட்டும் கணக்கில் எடுங்கள்.

ஷோரூமுக்குப் போகும் முன் உங்கள் வங்கியில் ஒரு வட்டி விகிதத்தைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கடன் ஏற்பாடு செய்து தரும் விற்பனையாளருக்குக் கடன் நிறுவனம் கமிஷன் தருவது பல நாடுகளில் வழக்கம். வாடிக்கையாளருக்கு வட்டியை ஏற்றினால் கமிஷனும் ஏறும் என்ற ஏற்பாடுகூட இருந்தது. பிரிட்டனின் நிதித்துறைக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை 2021 ஜனவரியில் தடைசெய்தது. எதிரே இருப்பவர் நல்லவராகவே இருக்கலாம். இருந்தாலும் கையில் ஒப்பிட இன்னொரு விகிதம் இருந்தால் பேச்சே வேறு மாதிரி போகும். ஆனால் பத்து இடத்தில் முழு விண்ணப்பம் போட்டு வைக்காதீர்கள், அது கிரெடிட் ஸ்கோரில் தெரியும். தகுதியை மட்டும் பார்த்துச் சொல்லும் முதற்கட்டச் சோதனை இருந்தால் அதைக் கேளுங்கள்.

வட்டியே இல்லை என்கிறார்களே?

“0 சதவீத வட்டி, அல்லது 8,000 தள்ளுபடி” என்று இரண்டில் ஒன்றை எடுக்கச் சொல்லும்போது பலரும் யோசிக்காமல் முதலாவதை எடுக்கிறார்கள். சில நேரம் அதுதான் சரி. விலை ஒரு லட்சம், முன்பணமே இல்லை, 3 ஆண்டுக் கடன் என்றால் வட்டியில்லாத் திட்டத்தில் மொத்தம் ஒரு லட்சம். தள்ளுபடியை எடுத்து 92,000ஐ வெளியே 9 சதவீதத்துக்கு வாங்கினால் மொத்தம் 1,05,300 ஆகிவிடும். இப்போது கையில் 50,000 இருக்கிறது என்று வையுங்கள். தள்ளுபடி போகக் கடன் 42,000 மட்டும். அதற்கு 3 ஆண்டில் கட்டுவது சுமார் 48,080. முன்பணத்தோடு சேர்த்து 98,080. வட்டி கட்டிய பிறகும் இதுதான் மலிவு. முன்பணம் கூடக் கூடத் தள்ளுபடியின் பக்கம் தராசு சாயும். அந்த நாளில் உங்கள் கையில் இருக்கும் தொகையை வைத்துப் போட்டுப் பார்க்காமல் இதில் யாரும் ஆலோசனை சொல்ல முடியாது.

அப்புறம், கடனுக்குள் நைசாக நுழையும் சில்லறைகள். முதல் ஆண்டுக் காப்பீடு, கூடுதல் வாரண்டி, பெயின்ட் பாதுகாப்பு, சீட் கவர். “தவணையில் பெரிசா தெரியாது சார்” என்று சேர்த்துவிடுவார்கள். 7 ஆண்டு, 9 சதவீதக் கடனில் 5,000க்கு ஏதாவது சேர்த்தால் கட்டி முடிக்கும்போது அது 6,750ஐத் தாண்டியிருக்கும். ஓர் ஆண்டில் காலாவதியாகும் காப்பீட்டுக்கு 84ஆவது மாதம் வரை தவணை கட்டுவதில் என்ன நியாயம்? பிராசஸிங் கட்டணமும் இப்படித்தான். நிலையான தொகையாக 1,500 வாங்கினால் நான்கு லட்சம் கடனில் அது அரை சதவீதம்கூட இல்லை, ஒரு லட்சத்தில் ஒன்றரை சதவீதம். சிறிய கடனில்தான் இந்த மாதிரிக் கட்டணம் உறைக்கும். எனவே பேரம் பேச வேண்டிய இடமும் அதுதான்.

லீஸ்: விலையைவிட முக்கியமான எண்

லீஸ் என்றால் நிறுவனத்துக்குச் சொந்தமான காரை ஒப்பந்த காலம் வரை மாதத் தவணைக்கு ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பது. அதில் நீங்கள் கட்டுவது காரின் முழு விலையை இல்லை. ஒப்பந்த காலத்தில் அது எவ்வளவு மதிப்பு இறங்கும் என்று நிறுவனம் கணிக்கிறதோ அந்தத் தொகையும், அதன்மேல் வட்டியும்தான். கடைசியில் கார் என்ன மதிப்பில் நிற்கும் என்ற அந்தக் கணிப்புக்கு ரெசிடுவல் வேல்யூ என்று பெயர். இதைக் கேட்காமல் விலையை மட்டும் ஒப்பிடுவது லீஸில் நடக்கும் பெரிய தவறு.

ஒரு கார் 1,00,000. மூன்று ஆண்டு கழித்து 50,000 நிற்கும் என்று கணிப்பு. இறங்கும் 50,000ஐ 36ஆல் வகுத்தால் மாதம் 1,389. வட்டியைத் தொடக்க மதிப்புக்கும் கடைசி மதிப்புக்கும் நடுவிலுள்ள 75,000க்குப் போடுவார்கள். 7.2 சதவீதம் என்றால் மாதம் 450. மொத்தம் 1,839. பக்கத்தில் நிற்கும் இன்னொரு காரின் விலை 1,10,000, ஆனால் அது 66,000 நிற்கும். அதே முறையில் போட்டால் 1,222ம் 528ம் சேர்ந்து 1,750. பத்தாயிரம் கூடுதல் விலையுள்ள காருக்குத் தவணை குறைவு. ஆகவே மிக மலிவான மாடலுக்குத்தான் மிக மலிவான லீஸ் கிடைக்கும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு படி மேலே இருக்கும் மாடலையும் கேட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவில் இந்த வட்டியைச் சதவீதமாகச் சொல்லாமல் 0.0030 என்பது போல ‘மனி ஃபேக்டர்’ என்று எழுதுவார்கள். 2400ஆல் பெருக்கினால் ஆண்டு வட்டி கிடைக்கும். இங்கே 7.2. புள்ளிக்குப் பின்னால் இத்தனை பூஜ்யம் இருப்பதால் ஏதோ ஒன்றுமில்லாத வட்டி என்று ஏமாறுகிறவர்கள் உண்டு.

லீஸ் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருப்பதைவிடக் கீழே பொடி எழுத்தில் இருப்பதை முதலில் படியுங்கள். “மாதம் 1,200” என்று மேலே இருக்கும். கீழே, முதல் தவணை மட்டும் ஒன்பது மாதத் தொகை என்று இருக்கும். 10,800 முதலில், பிறகு 35 தவணை. மொத்தம் 52,800, மாதக் கணக்கில் 1,467. பக்கத்துக் கடையில் முன்தொகை எதுவும் இல்லாமல் 36 தவணையும் 1,400 என்றால் அதன் மொத்தம் 50,400தான். மொத்தத்தை மாதங்களால் வகுக்காமல் இரண்டு லீஸை ஒப்பிடவே முடியாது. முன்தொகையைப் பெரிதாகக் கொட்டுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நான்காம் மாதமே கார் திருடு போனால் காப்பீட்டுப் பணம் உரிமையாளரான லீஸ் நிறுவனத்துக்குப் போகும். நீங்கள் முதலில் கொடுத்தது திரும்பி வரும் என்ற உத்தரவாதம் பெரும்பாலும் இருக்காது.

கிலோமீட்டர் வரம்பு அடுத்தது. ஆண்டுக்கு 10,000 என்றால் தாராளமாகத் தெரியும். நாளுக்குப் பிரித்தால் 27 கிலோமீட்டர்தான். நீங்கள் 15,000 ஓட்டுகிறவராக இருந்தால் மூன்று ஆண்டு முடிவில் 15,000 கிலோமீட்டர் வரம்பைத் தாண்டியிருக்கும். கூடுதல் கிலோமீட்டருக்கு 0.50 என்று ஒப்பந்தத்தில் இருந்தால் 7,500 கட்ட வேண்டி வரும். 1,500 தவணையுள்ள காருக்கு அது ஐந்து மாதத் தவணை. தவணையைக் குறைக்க வேண்டும் என்று குறைந்த வரம்பை எடுப்பது நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் ஆப்பு. தொடக்கத்திலேயே சரியான வரம்பைக் கேட்டால் பெரும்பாலும் மலிவாகவே முடியும்.

கடைசியில் பெரிய தொகை வைக்கும் பலூன் கடன் இரண்டுக்கும் நடுவில் நிற்பது. தவணை லீஸ் மாதிரிக் குறைவாக இருக்கும், காரைச் சொந்தமாக்க வேண்டுமென்றால் கடைசித் தொகையை மொத்தமாகக் கட்ட வேண்டும். பிரிட்டனில் பிசிபி (பர்சனல் கான்ட்ராக்ட் பர்ச்சேஸ்) என்று விற்பதும் இந்த வகைதான். அங்கே காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கழன்றுகொள்ளவும் வழி உண்டு. எல்லாப் பலூன் கடனிலும் அந்த வழி இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள், ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். அந்தத் தொகைக்கு மறுபடியும் கடன் வாங்குவதுதான் திட்டம் என்றால், நீங்கள் எடுத்திருப்பது நீளமான கடன். இரண்டு துண்டாக இருக்கிறது, அவ்வளவுதான்.

வெளியேறும் வழியை உள்ளே போகும்போதே கேட்டுவிடுங்கள். வேலை மாறும், ஊர் மாறும், குடும்பத்தில் ஆள் கூடும், சின்ன கார் போதாமல் போகும். லீஸை நடுவில் முறித்தால் மீதித் தவணைகளில் பெரும்பகுதியைக் கேட்கும் ஒப்பந்தங்கள் சாதாரணம். கடனாக இருந்தால் முன்கூட்டி அடைக்கக் கட்டணம் உண்டா, எத்தனை தவணைக்குப் பிறகு அனுமதி என்று எழுத்தில் வாங்குங்கள். “அதெல்லாம் பாத்துக்கலாம் சார்” என்ற வாய்ப்பேச்சு அன்றைக்கு உதவாது.

லீஸ் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது சாதாரணத் தேய்மானத்துக்கு விட்டுவிடுவார்கள், அதற்கு மேல் போனதற்குப் பணம் பிடிப்பார்கள். எது சாதாரணம் என்பதைப் பல நிறுவனங்கள் அச்சிட்டே வைத்திருக்கின்றன. கீறல் எத்தனை நீளம் வரை, டயரின் பட்டை எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்பது வரை அதில் இருக்கும். கார் கைக்கு வரும் அன்றே அதைக் கேட்டு வாங்கி, நாலு பக்கமும், சக்கரங்களையும், உள்ளே சீட்டையும், கிலோமீட்டர் அளவையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். திருப்பிக் கொடுப்பதற்கு ஒரு மாதம் முன்பே அந்தப் பட்டியலோடு காரைச் சுற்றி வாருங்கள். சின்னக் கீறலை வெளியே சரிசெய்வது பல நேரம் அவர்கள் பிடிக்கும் தொகையைவிடக் குறைவாகவே முடியும். சர்வீஸ் பதிவேட்டையும் இரண்டாவது சாவியையும் தேடி எடுத்து வையுங்கள், சாவி ஒன்று குறைந்தால் அதற்கும் பில் வரும்.