மாற்றுத்திறனாளிகள் சுயமா வாழ துணை நிக்குற ஒரு சின்ன அமைப்பு, நம்ம நெல்லைப் பக்கம் எப்படி தொடங்க?

மாற்றுத்திறனாளிகளுக்கு ஏதாவது செய்யணும்னு நம்ம பக்கம் யாராவது கிளம்புனா என்ன நடக்கு, ஒரு மண்டபம் பிடிச்சு பேனர் அடிச்சு வீல்சேர் குடுத்து போட்டோ எடுத்து மத்தியானம் பிரியாணியோட சோலி முடிஞ்சிரும். அந்த வீல்சேர் வீட்டு நடைப்படி இறங்க வழியில்லாம தார்சால கெடக்கும், அதுமேல துணி காயும். அதனால பொருள் வாங்குததுக்கு முன்னாடி ஆள் சேருங்க.

ஆள்னா யாரு? கமிட்டில பாதிக்கு மேல மாற்றுத்திறனாளிகளே இருக்கணும், கையெழுத்து போடுத இடத்துலயும் அவங்கதான். இது ஒன்னும் நான் புதுசா சொல்லல. 1972ல அமெரிக்கால பெர்க்லில எட் ராபர்ட்ஸும் கூட்டாளிகளும் தனித்து வாழ்தலுக்கு (ஒத்தையா இருக்கது இல்ல, தன் வாழ்க்கையை தானே முடிவு பண்ணுதது) மையம் ஆரம்பிச்சது இந்த கணக்குலதான், எட் ராபர்ட்ஸ் போலியோ வந்து கழுத்துக்கு கீழ அசைவு இல்லாதவர். அவ்வளவு தூரம் ஏன் போகணும், நம்ம தென்காசி பக்கத்து ஆய்க்குடில எஸ். ராமகிருஷ்ணன் 1975ல கடற்படை தேர்வுல அடிபட்டு கழுத்துக்கு கீழ செயலிழந்து, 1981ல அமர் சேவா சங்கம் தொடங்கினவர், 2020ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. ஒரு நாள் தென்காசி பஸ் ஏறி போய் பாத்துட்டு வாங்க, படிச்சு தெரிஞ்சுக்கறத விட அது மேல்.

வீல்சேர் ஆட்களை மட்டும் நினைக்காதீங்க, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி குறைபாடு 21 வகை இருக்கு. பாளையங்கோட்டைல பார்வையற்றோர் பள்ளி, காது கேளாதோர் பள்ளி ரெண்டும் ரொம்ப காலமா இருக்கறதால அங்க படிச்சு வேலைக்கு போற ஆட்கள் ஊருக்குள்ள நிறைய இருக்காங்க, அவங்களை கூப்பிடுங்க. பதிவுதான் முதல் வேலைன்னு இல்ல, கொஞ்சம் வேலை செஞ்சு பாத்துட்டு சங்கமா பதியலாம், 1975 சங்கங்கள் பதிவு சட்டத்துக்கு 7 பேர் வேணும்.

இப்ப முக்கியமான வேலை, வீட்டுக்கு போறது. பனை ஏறி விழுந்து முதுகெலும்பு அடிபட்டு கெடக்கவங்க நம்ம தெக்கு பக்கம் எத்தனையோ பேர். அந்த மாதிரி ஒரு வீட்டுக்கு போறீங்கன்னு வைங்க, கட்டில்ல இருக்க அண்ணாச்சிகிட்ட என்ன வேணும்னு கேப்பீங்க, பதில் அவங்க அம்மா சொல்லுவாங்க, "அவனுக்கு என்னத்த தெரியும் தம்பி, நான் சொல்லுதேன்"னு. அந்த அம்மா சொல்லுததையும் காது குடுத்து கேளுங்க, இத்தனை வருஷம் தூக்கி சுமந்தது அவங்கதான். ஆனா நோட்டுல எழுதுத பதில் அண்ணாச்சி வாயில இருந்து வரணும், அதுக்கு காத்திருக்கணும், சில வீட்டுல ரெண்டாவது மூணாவது தடவைதான் வாயே தொறப்பாங்க. அவர் "முக்குல போய் ஒரு டீ குடிக்கணும்"னு சொன்னா அதுதான் திட்டம், அதை விட்டுட்டு நீங்களா தையல் மிஷின் வாங்கி குடுக்காதீங்க. டீக்கடை வரைக்கும் நீங்களே ஒரு வீல்சேர்ல உக்காந்து போய் பாருங்க, எங்க படி, எங்க வாருகால் மேல ஸ்லாப் ஒடைஞ்சு கெடக்கு, முடுக்குல எந்த பைக்கு குறுக்க நிக்குன்னு அப்பதான் தெரியும்.

சாய்தளம் பத்தி கொஞ்சம் விலாவரியா சொல்லணும், ஏன்னா இதுலதான் கொத்தனார்மாரு கண்ணளவுல ஊத்தி விட்டுருதாங்க. கணக்கு 1க்கு 12, அதாவது படி அரை அடி உயரம்னா சாய்தளம் 6 அடி நீளம், ஒன்னேகால் அடின்னா 15 அடி. வளவு வீட்டுல முடுக்குக்குள்ள 15 அடிக்கு எங்க போக? புறவாசல் பக்கம் உயரம் கம்மியா இருக்கான்னு பாருங்க, இல்லன்னா மடக்கி நடுவுல திரும்ப சமதளம் விட்டு கட்டலாம், தெரு பக்கம் நீட்டுனா பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க, அதுக்கு வெல்டிங் பட்டறைல புள்ளி போட்ட இரும்பு தகடுல கழட்டி மாட்டுத மாதிரி அடிக்க சொல்லுங்க, ரெண்டு ஓரமும் 2 இஞ்ச் விளிம்பு இருந்தா சக்கரம் நழுவாது.

அடுத்து கக்கூஸ் கதவு. நம்ம வீடுகள்ல அது 2 அடிதான் இருக்கும், பெரியவங்க வீல்சேர் 25, 26 இஞ்ச் வரும், போகவே போகாது. செவுத்த இடிக்குததுக்கு முன்னாடி அளந்து பாருங்க, கொஞ்சம்தான் குறையுதுன்னா கதவை கழட்டி திரை போட்டா போதும். பிடிக்குத கம்பி ஜிஐ பைப்ல செவுத்துக்குள்ள நல்லா இறக்கி வைக்கணும், டவல் ராடை பிடிச்சு எந்திரிச்சா சிமெண்டோட சேந்து கையில வந்துரும்.

முதுகெலும்பு அடிபட்டவங்க வீட்டுல புண்ணு பத்தி கண்டிப்பா பேசுங்க. படுக்கைல 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பணும், வீல்சேர்ல அரை மணிக்கு ஒரு தடவையாவது கையை ஊனி உடம்பை தூக்கி விடணும். உணர்ச்சி இல்லாத தொடை மேல சூடான கஞ்சி சட்டியை வச்சு தள்ளிட்டு போனா வெந்தது கூட தெரியாது, மடியில ஒரு பலகை வச்சுக்க சொல்லுங்க. புண்ணு செவந்து தெரிஞ்சதும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயிருங்க, மஞ்சள் பத்து போட்டு பாத்துட்டு இருக்க வேண்டாம்.

பேப்பர் வேலைல முதல்ல மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை, யுடிஐடிம்பாங்க. இ-சேவைல போட்டுட்டு மெடிக்கல் போர்டு தேதிக்கு கூட ஒரு ஆள் போங்க. அது கைல இருந்தாத்தான் பராமரிப்பு உதவித்தொகை மாசம் 2000 ரூபா கேக்க முடியும், அதுவும் கடும் பாதிப்பு, அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு மாதிரி சில வகைக்குத்தான், எல்லாருக்கும் இல்ல. சாதாரண கட்டண டவுன் பஸ்ல ஆளுக்கும் துணைக்கு வர ஒருத்தருக்கும் டிக்கெட் கிடையாது, இதைச் சொல்லியே நிறைய பேரை வீட்ட விட்டு வெளிய கொண்டு வரலாம்.

பணம் வந்தா ஏடிஎம் கார்டு யாருகிட்ட இருக்குன்னு பாருங்க. நிறைய வீட்டுல தம்பி சட்டைப் பையில இருக்கும், நல்ல எண்ணத்துலதான் வச்சிருப்பான், நான்தானே எடுத்து குடுக்கேன்ம்பான். அவன்கிட்ட மல்லுக்கு நிக்காதீங்க, அண்ணனை ஏடிஎம் வரைக்கும் கூட்டிட்டு போய் அவரையே நம்பர் அமுக்க சொல்லுங்க, போதும். துணையாள் வச்சாலும் அப்படித்தான், யாரை வைக்க எத்தனை மணிக்கு வரணும்னு அவரே சொல்லட்டும், சம்பளமும் அவர் கையால போகட்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவங்களுக்கு கூட அந்த 2016 சட்டம் பிரிவு 14ல வரம்புக்குட்பட்ட பாதுகாவலர்தான், அதாவது அவரோட கலந்து முடிவெடுக்குத ஆள்தான் சொல்லுது, எல்லாத்தையும் இன்னொருத்தர் முடிவு பண்ணலாம்னு இல்ல.

செலவுக்கு ஊர் கொடை கமிட்டி, வெளிநாட்டுல இருக்க ஊர்க்காரங்க, பள்ளிவாசல், சர்ச் எங்க வேணா கேளுங்க, ஆனா படம் எடுக்க மாட்டோம்னு முதல்லயே சொல்லிருங்க. பாதி பேர் பின்வாங்குவாங்க, போகட்டும்.

தெரு, வாருகால், பஸ் ஸ்டாப் இதெல்லாம் கைக்காசுல முடியாது, பஞ்சாயத்தோ மாநகராட்சியோதான் செய்யணும். 2025ல சட்டசபைல சட்டம் திருத்தி உள்ளாட்சில மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினரா போட வழி பண்ணியாச்சு, உங்க ஊர்ல அந்த இடத்துல யார் இருக்கான்னு விசாரிங்க, ஆள் இல்லன்னா உங்க கூட்டத்துல இருந்து விண்ணப்பம் போடுங்க. அதுக்கும் அசையலன்னா திங்கக்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு போங்க, அவங்களுக்காக நீங்க பேசாம பாதிக்கப்பட்டவங்க நேர்ல போய் மனு குடுக்கணும், ஒடைஞ்ச ஸ்லாப் போட்டோவும் தெரு பேரும் சேத்து வைங்க, மனு ரசீது வாங்காம வராதீங்க.