பெரியவர்களின் கால் பலத்தை வீட்டிலேயே அளப்பது எப்படி?

"காலில் பலமே இல்லப்பா" என்று வீட்டுப் பெரியவர் சொல்கிறாரா? எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்க மெஷின் வேண்டாம். 30 நொடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்காருகிறார் என்று எண்ணினால் போதும். ஜோன்ஸ், ரிக்லி என்ற ஆய்வாளர்களின் குழு 1999இல் வெளியிட்ட முறை இது.

நெஞ்சுவலி, எழுந்தால் தலைசுற்றல், சமீபத்தில் எலும்பு முறிவோ ஆபரேஷனோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் செய்யவேண்டாம்.

1. கைப்பிடி இல்லாத, 17 அங்குல (43 செ.மீ.) உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் வழுக்கும். சோபா உள்ளே அமுங்கும். இரண்டும் ஆகாது.

2. புடவைக் கொசுவமோ வேட்டி நுனியோ காலில் மாட்டாதபடி தூக்கிச் செருகிவிடுங்கள். இருக்கையின் நடுவில் உட்கார்ந்து, பாதம் முழுவதும் தரையில் பதியட்டும். கைகளை மார்பின்மேல் குறுக்காகக் கட்டிக்கொள்ளட்டும்.

3. நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், சாய்ந்தால் பிடிக்க வசதியாக. ஓரிரு முறை எழுந்து பார்க்கச் சொல்லிவிட்டு ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். நேராக நிமிர்ந்து நின்றால்தான் ஒன்று. 30 நொடி முடியும்போது பாதிக்கு மேல் எழுந்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். நடுவில் மூச்சு வாங்க உட்காரலாம், கடிகாரம் மட்டும் ஓடட்டும்.

4. கை ஊன்றினால் கணக்குப்படி பூஜ்யம். ரொம்பத் தளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் இங்கேதான் சிக்கல். பூஜ்யம் என்று எழுதி மூடிவிட்டால் அடுத்த மாதம் ஒப்பிட எதுவுமே இருக்காது. அதனால் கைப்பிடி உள்ள நாற்காலியில் ஊன்றி எழச் சொல்லி, அந்த எண்ணைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கை ஊன்றாத எண்ணோடு அதைக் கலக்கக்கூடாது.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணைப்படி, 70–74 வயதில் ஆண்கள் 12க்கும் பெண்கள் 10க்கும் கீழே போனால் சராசரிக்குக் குறைவு, விழும் ஆபத்து அதிகம். 80–84 வயதில் அது 10, 9. நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அதை அப்படியே தீர்ப்பாக எடுக்காதீர்கள். அவருடைய போன மாத எண்தான் நமக்கு முக்கியம்.

எண்ணைவிட எனக்குக் கண் போவது உட்காரும் விதத்தில். மெல்ல இறங்காமல் தொப்பென்று விழுந்தால் தொடைத் தசை தாங்கவில்லை என்று சந்தேகப்படுவேன். முழங்கால்கள் உள்பக்கம் மடிகிறதா, ஆடி ஆடி உந்தி எழுகிறாரா என்றும் பாருங்கள்.

நாட்குறிப்பில் ஒரு வரி போதும்: "காலை 10 மணி, கைப்பிடி மர நாற்காலி, கை ஊன்றி 4, கடைசி இரண்டு தொப்."