ஃபிளாட்டில வளருற பிள்ளையள வெளியில இறக்கி விளையாட விடுறது எப்பிடி

கொழும்பில வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் ஃபிளாட்டில இருக்கிற ஆக்கள் எல்லாரும் சொல்லுற கதை ஒண்டுதான், "ஊரில எண்டா முத்தம் இருக்கு வளவு இருக்கு, இங்க பிள்ளையள் எங்க போய் விளையாடுறது" எண்டு. முத்தம் இல்லத்தான். ஆனா பிள்ளைக்கு வேண்டியது ஒரு அரை மணித்தியாலமும், வாயை மூடிக்கொண்டு பின்னால வாற ஒரு பெரியாளும்தான், ரெண்டாவதுதான் கஷ்டம்.

பாண் வாங்கக் கடைக்குப் போகேக்க கூட்டிக்கொண்டு போங்கோ, பிள்ளை முன்னால நடக்கட்டும், "கெதியா வா" எண்டு கையைப் பிடிச்சு இழுக்காதேங்கோ. ஒழுங்கை மதிலில எறும்பு வரிசையாப் போனா நிண்டு பாக்கட்டும். கொஞ்சம் பாண் தூளைப் பக்கத்தில போட்டு விடுங்கோ, முதல்ல ஒண்டு வந்து தொட்டுப் பாத்திட்டுத் திரும்பிப் போகும், கொஞ்ச நேரத்தில ஒரு கூட்டமே வந்து நிக்கும். போற எறும்பு வழி நெடுக ஒரு வாசத்தை விட்டிட்டுப் போகுது, அதைப் பிடிச்சுத்தான் மற்றதுகள் வருது. ஈர விரலால அந்த வழிக்குக் குறுக்கால ஒரு தேய்ப்புத் தேய்ச்சா, வாறதெல்லாம் அதில வந்து தடுமாறி அங்கால இங்கால ஓடும். இதை முதலே பாடம் மாதிரிச் சொல்லிடாதேங்கோ, ஏன் தடுமாறுது எண்டு பிள்ளையே கேக்கட்டும், கேக்காட்டியும் பரவாயில்ல.

பொறுக்கிறதுக்கு ஒரு பழைய மாஜரின் டப்பா குடுங்கோ. சிவந்து விழுந்த கொட்டாங்காய் இலை, இறகு, கல்லு, சோடா மூடி, எதையும் "குப்பை" எண்டு சொல்லி எறிய வேண்டாம். ஒரேயொரு சட்டம், வாயில வைக்கக் கூடாது. மஞ்சள் அலரிக் காய் கடும் நஞ்சு, அதை மட்டும் மரத்தில வச்சே காட்டிக் குடுங்கோ.

ஞாயிற்றுக்கிழமை காலமை ஃபிளாட் கார் பார்க்கில வாகனம் குறைவெண்டா சோக்கால எட்டுக்கோடு கீறலாம், ஆள் சேந்தா கிளித்தட்டும் மறிக்கலாம். மேல்மாடிச் சிங்களப் பிள்ளையளும் வந்து சேருவினம், சண்டை பிடிச்சே ரெண்டு பக்கமும் பாஷை பழகும், டியூஷனுக்குக் காசு மிச்சம். சண்டையில தலையிடாதேங்கோ, ரத்தம் வந்தா மட்டும் போங்கோ.

கொஞ்சம் தூரம் போகலாம் எண்டா கோட்டேயில பெத்தகான ஈரநிலப் பூங்கா நல்லம், பலகைப் பாதையில நடந்துகொண்டே கொக்கு, மீன்கொத்தி பாக்கலாம், வெயில் ஏற முதல் போங்கோ. 2018ல கொழும்புக்கு ராம்சார் (ஈரநிலங்களைப் பாதுகாக்கிற சர்வதேச உடன்படிக்கை) ஈரநில நகரம் எண்டு அங்கீகாரமே கிடைச்சது, நாங்க அதுக்குள்ள இருந்துகொண்டு மோலுக்குப் போறம். அவ்வளவு தூரம் ஏலாதெண்டா வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையே காணும், கபரகொய்யா, அதுதான் தண்ணியில திரியிற பெரிய உடும்பு, நீந்திப் போறதைத் தள்ளி நிண்டு பாக்கலாம். காத்து இருக்கிற பின்னேரம் எண்டா காலிமுகத்திடலில பட்டம். மரீன் டிரைவ் பக்கம் கடற்கரைக்கு இறங்கிறதெண்டா மட்டும் ரயில் பாதையைத் தாண்டோணும், அந்த இடத்தில சுதந்திரம் கிதந்திரம் ஒண்டும் இல்ல, கையை இறுக்கிப் பிடியுங்கோ.

டெங்குப் பயம் எல்லாருக்கும் இருக்கு, இருக்கத்தான் வேணும். அந்த நுளம்பு பகலில கடிக்கிறது, விடியலிலயும் பொழுது படமுதலும் கூட, அதாவது சரியா விளையாடுற நேரத்தில. நீளக் கை உடுப்புப் போடுங்கோ, மருந்து பூசுங்கோ. அதோட இதையே ஒரு வேட்டையாக்கி விடலாம், மழை பெஞ்ச அடுத்த நாள் யோகட் கப், சிரட்டை, பூச்சாடித் தட்டு எங்க தண்ணி நிக்குதெண்டு பிள்ளையளே தேடட்டும். நுளம்புக் குடம்பி, அதுதான் முட்டையில இருந்து வாற புழு, தலைகீழாத் தொங்கி மேல வந்து மூச்சு விடும், கையை நிழலாட்டினா நெளிஞ்சு கீழ ஓடும். பாத்து முடிய மண்ணில ஊத்திவிட வேணும். முட்டை நுளம்பாக ஒரு கிழமை பத்து நாள் எடுக்கும், அதால கிழமைக்கு ஒருக்கா இந்த வேட்டைக்கு விட்டாக் காணும்.

உடுப்பு ஊத்தையாத்தான் வரும், ரெண்டு பழைய டீசேர்ட்டை அதுக்கெண்டு ஒதுக்கி வையுங்கோ. அம்மம்மா பேசுவா, பேசட்டும், அவ தன்ர சின்ன வயசில குளத்துக்க கிடந்த கதையைக் கேட்டுப் பாருங்கோ.