எல்3 ஃப்ளேம்த்ரோவரை கேமில் சேர்க்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

போர் கேம்களுக்கு மாட், அதாவது ரசிகர்களே செய்து சேர்க்கும் கூடுதல் பாகம், செய்கிறவர்கள் இத்தாலிப் பக்கம் வந்தால் சீக்கிரமே கண்ணில் படுவது எல்3 எல்எஃப், அதாவது எல்3 டாங்கியின் நெருப்பு பீச்சும் (ஃப்ளேம்த்ரோவர்) வகை. இரண்டு பேர் மட்டும் உட்காரும் குட்டி டாங்கி, சுழலும் கோபுரம் கிடையாது, பின்னால் எரிபொருள் நிரம்பிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு போய் நெருப்பைப் பீச்சும். யாருக்கும் ஆசை வரும். ஆனால் கேமுக்குள் வந்து சேரும்போது பல சமயம் அது சாதாரண டாங்கியின் சின்ன சைஸ் பிரதியாகி, எதிரியைப் பார்த்த இடத்தில் எல்லாம் எரித்துத் தள்ளுகிறது. இந்த வண்டியில் சுவாரஸ்யமான விஷயமே அதன் குறைகள்தான், அவற்றைத்தான் முதலில் வெட்டி எறிகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

முதலில் அளவு. நீளம் சுமார் 3.2 மீட்டர், அகலம் 1.4, உயரம் 1.3 மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு, எடை 3 டன்னைத் தாண்டிக் கொஞ்சம். கேமில் ஏற்கெனவே இருக்கும் சிப்பாய் மாடலைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், வண்டியின் கூரை அவன் மார்புக்குத்தான் வர வேண்டும். உள்ளே ஆட்களின் மாடல் இடிக்கிறது என்று வண்டியைக் கொஞ்சம் பெரிதாக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் எல்லாமே மாறிவிடும், ஒரு தாழ்வான மதிலுக்குப் பின்னால் ஒளிய முடியாது, நெருப்பு கிளம்பும் உயரமும் ஏறிவிடும். ஆட்களை மடக்கி உட்கார வையுங்கள், நிஜத்திலும் அவர்கள் அப்படித்தான் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அடுத்தது பெயரும் வருடமும். 1935ல் இத்தாலி எத்தியோப்பியா மீது படையெடுத்தபோது அங்கே போன வண்டிக்கு மெனுவில் 'எல்3/35' என்று போடுவது தவறு. அப்போது அது கார்ரோ வெலோச்சே (இத்தாலியில் 'வேக டாங்கி', சுருக்கமாக சிவி), அதாவது சிவி-33 அல்லது சிவி-35. எல்3 என்ற பெயர் 1938ல்தான் வந்தது. இரண்டு மாடலையும் குழப்பாதீர்கள், சிவி-35ன் மேல் கவசம் போல்ட் போட்டு இணைத்தது, ஆகவே ஒரே டெக்ஸ்சரை (மாடலின் மேல் ஒட்டும் படத்தை) இரண்டுக்கும் ஒட்டினால் தெரிந்தவர் கண்ணில் உடனே படும். ஜெர்மானியர் கையில் இந்த வண்டி வேண்டுமென்றால் 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்த பிறகான மேப்பில் கொடுங்கள். கிரேக்கர்களும் கைப்பற்றிய எல்3களை ஓட்டியிருக்கிறார்கள், அது அழகான ஒரு வாய்ப்பு, யாரும் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை.

இப்போது டிரெய்லர். பலர் இதை அலங்காரமாக மட்டும் ஒட்டிவிடுகிறார்கள், மோதலும் (எதிலாவது இடித்தால் தடுத்து நிறுத்தும் கணக்கு) இல்லை, எடையும் இல்லை, வண்டி திரும்பினால் சுவருக்குள் புகுந்து வெளியே வரும். நிஜத்தில் அது கவசம் போட்ட இரண்டு சக்கர வண்டி, உள்ளே சுமார் 500 லிட்டர் எரிபொருள், அங்கிருந்து குழாய் வழியாக முன்னால் இருக்கும் பீச்சுகுழலுக்குப் போகும். 43 குதிரைத்திறன் எஞ்சின் இவ்வளவையும் சேர்த்து இழுக்க வேண்டும். சாலையில் மணிக்கு 42 கிலோமீட்டர் என்று புத்தகத்தில் இருக்கிறதே என்று அதே வேகத்தை டிரெய்லரோடு, உழுத வயலிலும் கொடுப்பது நியாயமே இல்லை. ரிவர்ஸ் எடுத்தால் டிரெய்லர் மடங்க வேண்டும், குறுகிய தெருவில் அப்படியே திரும்பிவிட முடியக் கூடாது. பிசிக்ஸில் வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் ஜாயின்ட் ஆடி டிரெய்லர் வானத்தில் பறக்கிறது என்று சலித்துப்போய் மோதலையே அணைத்துவிடுகிறவர்கள், அதற்கு முன் டிரெய்லரின் எடை மையத்தைத் தரையை ஒட்டி இறக்கிப் பாருங்கள், ஒட்டும் புள்ளியில் கோணத்துக்கு ஒரு வரம்பும் வையுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே அடங்கிவிடும். அப்படியும் சரி வரவில்லையா, பின்னால் வந்த வகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் டிரெய்லர் கிடையாது, எஞ்சினுக்கு மேலே பெட்டி மாதிரி ஒரு தொட்டி இருக்கும். ஆனால் அதில் எரிபொருள் பல மடங்கு குறைவு, ஆகவே டிரெய்லர் வகையின் அளவையே அதற்கும் போட்டுவிடாதீர்கள்.

டிரெய்லரில் ஒரு தோட்டா பட்டதும் வெடிகுண்டு மாதிரி மொத்த மேப்பும் அதிரும்படி செய்வது இன்னொரு வழக்கமான தவறு. துளை விழும், ஒழுகும், தீப்பற்றினால் நின்று எரியும். மெதுவாக எரியவிட்டால்தான் உள்ளே இருப்பவர் வண்டியை விட்டுக் குதித்து ஓடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிவரும்.

நெருப்புக்கு வருவோம், அதிகம் பிழை நடப்பது இங்கேதான். ஒட்டிக்கொண்டு எரியும் கூழ் எரிபொருளான நேபாம் 1942ல் ஹார்வர்டில் உருவானது. 1935ன் இத்தாலிய வண்டியில் அது வர வழியில்லை. கெட்டியாக்காத எரிபொருளில் பெரும் பகுதி காற்றிலேயே எரிந்துபோகும், தாரை சிதறும், கரும்புகை கிளம்பும். உங்கள் கேமில் அந்தத் தீ சுவரில் ஒட்டி அரை நிமிடம் எரிந்தால் அது வேறு காலத்து ஆயுதம். வீச்சு 100 மீட்டர் என்று சில இடங்களில் போட்டிருப்பார்கள், கணக்கில் 40 மீட்டர் வாக்கில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் சூடும் பயமும்தான். நிரலில் பலர் முன்னால் ஒரு கூம்பு வரைந்து அதற்குள் இருக்கும் எல்லாரையும் எரித்துவிடுகிறார்கள், நடுவில் சுவர் இருந்தாலும் சரி. தாரையைப் பல துளிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் புவியீர்ப்பும் தடையும் கொடுங்கள். குழல் இருப்பது தரையிலிருந்து ஒரு மீட்டர் வாக்கில்தான், ஆகவே முன்னால் ஒரு சின்ன மண்மேடு இருந்தாலே நெருப்பு அதில் மோதிக் கீழே வழிய வேண்டும். இது வந்துவிட்டால் விளையாடுகிறவர் தானாகவே வண்டியை நிறுத்துமிடத்தை யோசிக்க ஆரம்பிப்பார்.

குழல் முன்பக்கம் ஒரு குறுகிய வீச்சுக்குள்தான் திரும்பும். 360 டிகிரி கொடுத்தால் முடிந்தது கதை. உள்ளே ஓட்டுநரும் சுடுபவரும் அருகருகே உட்கார்ந்து சின்னப் பிளவுகள் வழியாகப் பார்த்தார்கள், சாதாரண வண்டிகளில் ரேடியோவும் இல்லை, கொடிதான். மேலே மிதக்கும் கேமராவையும் மினிமேப்பையும் கொடுத்துவிட்டு 'வரலாற்று மாட்' என்று போட்டுக்கொள்ள முடியாது. 1935 டிசம்பரில் எத்தியோப்பியாவின் தெம்பெகுயினா கணவாயில் தளபதி ராஸ் இம்ருவின் எத்தியோப்பிய வீரர்கள் இந்த ரக வண்டிகளைப் பக்கவாட்டிலும் பின்னாலும் நெருங்கி மேலேயே ஏறிச் செயலிழக்கச் செய்தார்கள். எத்தியோப்பிய மேப் செய்கிறவர்கள் தயவுசெய்து இதற்கு இடம் கொடுங்கள். அந்த வீரர்களை எரிவதற்காக மட்டும் நிற்க வைப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். வண்டியின் பின்பக்கம் வந்து ஏறுவதற்கு ஒரு செயல், கதவைத் திறப்பதற்கு ஒரு சில நொடி, இது போதும்.

கவசம் அதிகபட்சம் 14 மிமீ வாக்கில், மற்ற பக்கங்கள் இன்னும் மெல்லியவை. இதனால் வண்டி சீக்கிரம் செத்துவிடுகிறது என்று ஹெல்த்தை ஏற்றுகிறார்கள். வேண்டாம். 1937 மார்ச்சில் ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் குவாதலஹாரா சண்டையில் 45 மிமீ பீரங்கி வைத்த சோவியத் டி-26 டாங்கிகளுக்கு முன்னால் இத்தாலியக் குட்டி டாங்கிகள் திணறியது எல்லாருக்கும் தெரிந்த வரலாறு. சமநிலை வேண்டுமென்றால் கேமில் வண்டியின் விலையைக் குறையுங்கள், கூட வேறு வண்டிகளைக் கொடுங்கள்.

அடையாளக் குறிகளில் கொடியைப் பெரிதாக வரையாதீர்கள். 1938க்குப் பிறகு கம்பெனிக்கு ஒரு நிறச் செவ்வகம், முதலாவதற்குச் சிவப்பு, இரண்டாவதற்கு நீலம், மூன்றாவதற்கு மஞ்சள், உள்ளே பிளட்டூனுக்கு வெள்ளைக் கோடுகள். வட ஆப்பிரிக்கா என்றால் விமானத்திலிருந்து தெரிய கூரையில் வெள்ளை வட்டம்.

கடைசியாக ஏஐ, அதாவது கணினியே வண்டியை ஓட்டும் விதம். இதைத் தனியாக அனுப்பினால் நேராக எதிரி பீரங்கியை நோக்கித்தான் போகும். இயந்திரத் துப்பாக்கி வைத்த இரண்டு எல்3களுக்குப் பின்னால் இதை வரவையுங்கள், பதுங்குகுழியோ கல் வீடோ 40 மீட்டருக்குள் வந்தால் மட்டும் முன்னுக்கு வரட்டும், டி-26 மாதிரி எதுவும் பார்வையில் பட்டால் பின்வாங்கட்டும். டிரெய்லரோடு பின்வாங்குவது எப்படி என்று ஏஐக்குச் சொல்லிக்கொடுக்கத் தனியாக ஒரு வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.