மியூக்கர் சந்தேகமா? திசு சாம்பிளைக் கையாளும் முறை

2021-இல் 'கருப்புப் பூஞ்சை' என்று ஊரே பேசிய மியூக்கர் தொற்றில், சாம்பிள் எடுக்கும்போதே பாதி ரிசல்ட் தீர்மானமாகிவிடும். மூக்கில் துடைத்த ஸ்வாப் போதாது, திசுத்துண்டு வேண்டும். ஆபரேஷன் தியேட்டரிலேயே இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: பேத்தாலஜிக்கு ஃபார்மலினில் ஒன்று, மைக்ரோபயாலஜிக்குச் சில சொட்டு நார்மல் சலைன் விட்ட ஸ்டெரைல் டப்பாவில் இன்னொன்று. எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் பூஞ்சை செத்துவிடும், கல்ச்சர் (லேபில் பூஞ்சையை வளர்த்துப் பார்ப்பது) வராது. ஃபிரிட்ஜும் வேண்டாம், மியூக்கருக்குக் குளிர் ஆகாது. சென்னையின் மே மாத வெயிலில் திசு சீக்கிரம் காய்ந்துவிடும். மூடியை இறுக்கி, இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேருங்கள்.

லேபில் பயோசேஃப்டி கேபினெட்டுக்குள் பிரித்து, பிளேடால் 1–2 மி.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். அரைக்கவே கூடாது. மியூக்கர் இழையில் தடுப்புச்சுவர் அநேகமாக இல்லை; ஓரிடத்தில் உடைந்தாலே உள்ளிருப்பது வழிந்து இழை செத்துவிடும். அரைத்துவிட்டு 'வளர்ச்சி இல்லை' என்று ரிப்போர்ட் கொடுப்பது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

ஒரு துண்டை ஸ்லைடில் வைத்து 20% கே.ஓ.ஹெச். (திசுவைக் கரைத்துப் பூஞ்சையைத் தெளிவாகக் காட்டும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல்) ஒரு சொட்டு விட்டு, கவர்ஸ்லிப் மூடி, ஈரத்தாள் போட்ட பெட்ரி டிஷ்ஷில் 20 நிமிடம் வையுங்கள். ஈரமில்லாவிட்டால் படிகம் கட்டி, பார்வையை மறைக்கும். பிறகு மெல்ல அழுத்தி, முதலில் 10எக்ஸ், அப்புறம் 40எக்ஸ். ரிப்பன் மாதிரி அகலமாக, முறுக்கி மடிந்து, ஏறக்குறைய செங்கோணத்தில் கிளைத்தால் மியூக்கர். மெல்லிசாக, குறுக்குச்சுவர்களோடு, 45 டிகிரியில் கிளைத்தால் அஸ்பர்ஜில்லஸ் என்ற வேறு பூஞ்சையாக இருக்கலாம். மடிப்பைச் சுவர் என்று நினைத்து ஏமாறுவது சகஜம். ஃபோகஸை ஏற்றி இறக்கிப் பாருங்கள். இழை தெரிந்தால் உடனே சர்ஜனுக்குப் போன். கல்ச்சருக்குக் காத்திருக்காதீர்கள்.

மீதித் துண்டுகளை சைக்ளோஹெக்ஸிமைட் (மியூக்கரை வளரவிடாத மருந்து) கலக்காத சபுரோ அகாரில் (பூஞ்சை வளர்க்கும் ஊடகம்) அழுத்தி, 25, 37 டிகிரியில் வையுங்கள். மியூக்கர் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் பஞ்சாகப் பொங்கி மூடியை முட்டும். மழைக்காலத்தில் காற்றிலிருந்தும் பூஞ்சை விழும். திசுவை விட்டுத் தள்ளி முளைத்த ஒற்றைக் காலனியை நம்பாதீர்கள். துண்டிலிருந்தே, பல பிளேட்டில் வந்தால்தான் கணக்கு. கே.ஓ.ஹெச். பாசிட்டிவாக இருந்து கல்ச்சர் வராவிட்டாலும் தொற்று இல்லை என்றாகாது.

ரத்தத்தில் பீட்டா டி குளுக்கான், கேலக்டோமேனன் (பூஞ்சைச் சுவரின் பொருள்களைத் தேடும் டெஸ்டுகள்) இரண்டும் நெகட்டிவ் என்று மியூக்கரை ஒதுக்கிவிடாதீர்கள். அவை மியூக்கரைக் காட்டாது. ஆல்புமின், இம்யூனோகுளோபுலின் ஏற்றியவர்களுக்கும் டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் குளுக்கான் பொய்யாக ஏறலாம். ரெக்விசிஷனில் (டெஸ்ட் கேட்டு அனுப்பும் படிவத்தில்) அதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.