ஆற்று வெள்ளக் கணிப்பு: எண்ணைப் பார்த்து ஏமாறும் இடங்கள்

1997-ல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் இருக்கும் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரத்துக்குக் கிடைத்த எண் 49 அடி. ரெட் ரிவர் அந்த உயரத்துக்கு ஏறக்கூடும் என்று தேசிய வானிலைச் சேவை பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. குளிர்காலம் முழுக்க அடுத்தடுத்துப் பனிப்புயல். வயல்களில் குவிந்த பனி உருகினால் எங்கே போகும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 1979-ல் ஏறக்குறைய இதே உயரத்துக்கு ஆறு வந்துபோயிருந்ததால் ஊரும் அந்த எண்ணை நம்பியது. அதற்கு மேல் மூன்றடி சேர்த்து, சுமார் 52 அடிக்குக் கரையை உயர்த்தி மணல் மூட்டை அடுக்கினார்கள். ஏப்ரலில் ஆறு 54 அடியைத் தாண்டியது. ஏறக்குறைய 50,000 பேர் வாழ்ந்த ஊர் காலியானது. தண்ணீர் சூழ்ந்த கடைத்தெருவில் தீ வேறு பிடித்து 11 கட்டடங்கள் எரிந்தன.

இதைக் 'கணிப்பு தோற்ற கதை' என்றுதான் பலரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 54-ல் 5 அடி பிசகு என்பது பத்துக்கு ஒரு பங்குதான். பனி உருகி வரும் வெள்ளத்தைப் பல வாரங்களுக்கு முன்பே கணிக்கும்போது இந்த அளவு பிசகு சகஜம். கோளாறு, அந்தப் பிசகின் அளவு எண்ணோடு சேர்ந்து ஊருக்குப் போகாததில் இருந்தது. 'இனி மழையோ பனியோ இல்லாவிட்டால் 47.5 அடி, வழக்கமான அளவு பெய்தால் 49 அடி' என்று இரண்டு எண் கொடுத்திருந்தார்கள். கேட்டவர்கள் 49-ஐ உச்சவரம்பாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆக, முதல் தவறு, 'எவ்வளவு வரும்?' என்று கேட்டுவிட்டு 'எவ்வளவு தவறலாம்?' என்று கேட்காமல் விடுவது. ரெட் ரிவர் வெள்ளத்துக்குப் பிறகு தேசிய வானிலைச் சேவை நீண்டகாலக் கணிப்பை நிகழ்தகவாகக் கொடுக்கும் முறையைப் பரவலாக்கியது. இன்றைய பனியையும் மண் ஈரத்தையும் ஆற்று மட்டத்தையும் தொடக்கமாக வைத்துக்கொண்டு, கடந்த ஒவ்வோர் ஆண்டின் வானிலையும் இந்த ஆண்டு திரும்பி வந்தால் ஆறு என்ன செய்யும் என்று ஆற்றின் போக்கைக் கணக்கிடும் கம்ப்யூட்டர் மாடலைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். கிடைக்கும் பல கோடுகளிலிருந்து, குறிப்பிட்ட உயரத்தை ஆறு தாண்ட எத்தனை சதவீத வாய்ப்பு என்று சொல்லிவிடலாம்.

சரி, அந்தச் சதவீதத்தில் எதைப் பார்ப்பது? 50 சதவீதக் கோட்டை, அதாவது ஆறு தாண்டப் பாதி வாய்ப்புள்ள உயரத்தைப் பார்த்துக் கரை கட்டுவது, காசைச் சுண்டிப் பார்த்துக் கரை கட்டுவதற்குச் சமம். ஆற்றோரம் படகு கட்டியிருப்பவருக்கு அது போதலாம். மருத்துவமனையையோ குடிநீர் நிலையத்தையோ காக்க வேண்டியவர் 10 சதவீதக் கோட்டை, முடிந்தால் 5 சதவீதக் கோட்டைப் பார்க்க வேண்டும். தவறினால் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்பதுதான் எந்தக் கோடு என்பதைத் தீர்மானிக்கிறது. அதை வானிலை அலுவலகம் முடிவு செய்து தராது.

உயரம் வேறு, ஓட்டம் வேறு

கிராண்ட் ஃபோர்க்ஸில் இன்னொரு சங்கதியும் இருந்தது. ஆற்றங்கரை அளவீட்டு நிலையம் பார்ப்பது தண்ணீரின் உயரத்தை. விநாடிக்கு எத்தனை கன அடி ஓடுகிறது என்பதை அது நேரடியாகப் பார்ப்பதில்லை. உயரத்தை ஓட்டமாகவும் ஓட்டத்தை உயரமாகவும் மாற்ற ஒரு வளைகோடு வேண்டும். அதை வரைவதற்கு யாராவது ஆற்றுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் ஊழியர் பாலத்தின் மேல் நின்று, ஒலியலைக் கருவி பொருத்திய சின்ன மிதவையைக் கயிற்றில் கட்டி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இழுப்பார். கருவி அடியாழத்தையும் வேகத்தையும் துண்டு துண்டாக அளக்கும். ஒருமுறை இழுத்தால் போதாது, போகவும் வரவும் பலமுறை இழுத்துச் சராசரி எடுப்பார்கள். அத்தனைக்கும் பிறகு கிடைப்பது வளைகோட்டில் ஒரே ஒரு புள்ளி.

இதுவரை யாரும் பார்க்காத வெள்ளத்துக்குப் புள்ளி ஏது? அங்கே கோட்டைக் குத்துமதிப்பாக நீட்டித்தான் கணிக்க வேண்டும். 1997-ல் நீட்டிய பகுதியில்தான் சறுக்கியது. வெள்ளம் படுகையை அரித்தாலும் மண்ணைக் கொண்டுவந்து கொட்டினாலும் பழைய வளைகோடு செல்லாக்காசு. அதனால் மேலே எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் ஓடினாலும், கீழே ஆற்றை அளக்கும் ஆளைக் குறைத்தால் கணிப்பு கெடும். பட்ஜெட் வெட்டும்போது முதலில் கண்ணில் படுவது அளவீட்டு நிலையங்கள்தான். அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 1889-ல் நியூ மெக்சிகோவின் எம்புடோவில் ரியோ கிராண்டே ஆற்றோரம் தொடங்கிய அளவீட்டு வேலை இது. நீண்ட பதிவுள்ள நிலையத்தை மூடினால், போன ஆண்டுகளை யாராலும் திரும்ப அளக்க முடியாது.

இதோடு ஒட்டிய சின்னக் குழப்பம் ஒன்று: 'ஆறு 20 அடி' என்றால் ஆழம் 20 அடி என்றோ, நம் வீட்டு வாசலில் 20 அடித் தண்ணீர் என்றோ அர்த்தமில்லை. அந்த நிலையத்துக்கென்று வைத்த ஒரு பூஜ்யப் புள்ளியிலிருந்து எடுத்த உயரம் அது. ஓர் ஊரில் 20 அடி சாதாரணம், அடுத்த ஊரில் பேரிடர். அந்த நிலையத்துக்குக் குறித்திருக்கும் சிறு, நடுத்தர, பெரு வெள்ள அளவுகளோடு ஒப்பிட்டால்தான் எண்ணுக்குப் பொருள் வரும்.

மாடல் சொன்னதெல்லாம் கணிப்பு ஆகாது

2016 ஆகஸ்டில் அமெரிக்கா தேசிய நீர் மாடலை இயக்கத் தொடங்கியது. அதுவரை நாடு முழுக்கச் சுமார் 4,000 இடங்களுக்குத்தான் ஆற்றுக் கணிப்பு கிடைத்தது. புதிய மாடல் ஏறக்குறைய 27 லட்சம் ஆற்றுத் துண்டுகளுக்குக் கணக்குப் போட்டது, அதுவும் மணிக்கொரு முறை. பெயரே இல்லாத ஓடைக்கும் ஒரு வரைபடம் வந்துவிட்டது. உண்மையிலேயே பெரிய பாய்ச்சல்தான்.

அப்புறம் அந்த ஓடை வரைபடத்தையும் அதிகாரபூர்வக் கணிப்பையும் ஒரே தட்டில் வைக்கிறார்கள். அதுதான் சிக்கல். நாட்டில் உள்ள 13 ஆற்றுக் கணிப்பு மையங்களில் நீரியலாளர்கள் உட்கார்ந்து, எந்த அணை எவ்வளவு திறக்கப் போகிறது, எங்கே பனிக்கட்டி அடைத்திருக்கிறது, எந்த அளவுமானி பொய் சொல்கிறது என்று பார்த்துத் திருத்தி வெளியிடுவது அதிகாரபூர்வக் கணிப்பு. மாடலின் ஓடைக்கோட்டுக்கு அப்படி ஒரு கை பட்டிருக்காது. அளவுமானியே இல்லாத ஓடையில் அது சரியா தப்பா என்று பார்க்கவும் வழி குறைவு. 'இந்தப் பக்கம் கவனம்' என்று திரும்பிப் பார்க்க வைக்க அது நன்றாக உதவும். மதகைத் திறக்க அதை மட்டும் நம்ப வேண்டாம்.

மழையை மட்டும் பார்ப்பது

அதே மழை காய்ந்த மண்ணில் விழுந்தால் ஒன்று, ஊறிய மண்ணில் விழுந்தால் வேறு, பனியின் மேல் விழுந்தால் இன்னும் வேறு. இது பலருக்குத் தெரிந்ததே. அணையை இயக்குபவர் கணிப்பைக் கண்டுகொள்ளாமல் இருப்பது அதைவிடக் கவனிக்க வேண்டியது.

வடக்கு கலிஃபோர்னியாவின் மென்டோசினோ என்ற அணை ஏரியில் 2012 டிசம்பரில் பெருமழை கொட்டியது. வெள்ளத்துக்கு இடம் வைக்க வேண்டும் என்ற பழைய விதிப்படி நீரைத் திறந்துவிட்டார்கள். அடுத்து வந்தது வறட்சி. நாட்காட்டியைப் பார்த்துத் திறக்கச் சொன்ன விதி அது, வானத்தைப் பார்க்கச் சொல்லவில்லை. அதன்பின் ஸ்கிரிப்ஸ் கடலியல் கழகமும் ராணுவப் பொறியாளர் படையும் மற்றவர்களும் சேர்ந்து, பசிபிக்கிலிருந்து வரும் 'வளிமண்டல ஆறு' எனப்படும் ஈரப்பட்டைகளின் கணிப்பை வைத்து அணையை இயக்கிப் பார்த்தார்கள். பெரிய மழை வரப்போவதில்லை என்றால் நீரைப் பிடித்துவை, வருகிறது என்றால் முன்கூட்டியே இறக்கு. 2020-ல் இந்த முறையில் 11,000 ஏக்கர் அடிக்கு மேல் கூடுதல் நீர் மிஞ்சியது (ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீர்தான் ஓர் ஏக்கர் அடி). ஆனால் எந்த அணைக்கும் இதை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. கோடையில் மேகம் திடீரெனத் திரண்டு கொட்டும் பகுதியில் ஐந்து நாள் முன்பே மழையைச் சொல்வது கஷ்டம்.

'நூறாண்டு வெள்ளம்' பற்றிச் சுருக்கமாக: நேற்று வந்தால் இன்னும் 99 ஆண்டுக்கு நிம்மதி என்று அர்த்தமில்லை. ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு என்றுதான் அர்த்தம். 30 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வர ஏறக்குறைய 26 சதவீத வாய்ப்பு.

ஆற்றுக்கும் திடீர் வெள்ளத்துக்கும் ஒரே கடிகாரம் இல்லை

ரெட் ரிவர் ஏற நாள்கணக்காகும். டெக்சாஸின் குவாடலூப் போன்ற மலைப்பகுதி ஆறுகள் ஒரு மணி நேரத்துக்குள் இருபது அடிக்கு மேல் ஏறிவிடும். 2025 ஜூலை 4 அன்று, அந்த ஆறு ஓடும் கெர் கவுன்டி என்ற மாவட்டத்துக்குத் திடீர் வெள்ள எச்சரிக்கை வந்தது அதிகாலை 1.14 மணிக்கு. ஊர் உறங்கும் நேரம் அது. இங்கே உச்சமட்டம் எத்தனை அடி என்று வரைபடம் பார்த்துக் காத்திருப்பதே தவறு. 'வாட்ச்' என்றால் வெள்ளத்துக்கான சூழல் இருக்கிறது, எங்கே போவது என்று முடிவு செய்துவைக்கும் நேரம். 'வார்னிங்' என்றால் வெள்ளம் வந்துவிட்டது அல்லது வரப்போகிறது, மேட்டுக்குப் போய்விட வேண்டும். இரவில் போனை சைலன்ட்டில் போட்டுத் தூங்குபவருக்கு எவ்வளவு நல்ல மாடலும் உதவாது. ஆற்றோரம் தங்குபவர்கள் தனி வானிலை ரேடியோ வைத்துக்கொள்வது அதனால்தான். காரில் கடந்துவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். ஓடும் நீர் அரையடி இருந்தாலே ஆளைச் சாய்க்கும், இரண்டடி பெரும்பாலான வண்டிகளைத் தூக்கிப்போகும்.

கடைசியாக ஒன்று, இது வெள்ளம் வடிந்தபின் நடப்பது. சுவரில் படிந்த சேற்றுக்கோட்டை முதல் வேலையாகக் கழுவிவிடுகிறோம். அடுத்த கணிப்பைச் சரிபார்க்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அளவுமானி இல்லாத இடத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்பதை அந்தக் கோட்டை வைத்துத்தான் ஆய்வுக்குழு கண்டுபிடிக்கும். வெளிச்சுவரை விட உள்சுவர்க் கோடு நம்பகமானது, உள்ளே அலையடிப்பு குறைவு. விதையும் துரும்பும் மெல்லிய வரியாக ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது. கழுவுவதற்கு முன் அளவு நாடாவைத் தரையிலிருந்து கோடுவரை பிடித்து, தேதி தெரிய ஒரு படம் எடுத்து உள்ளூர் வானிலை அலுவலகத்துக்கு அனுப்பலாம். கோட்டின் மேல் பென்சிலால் ஒரு கீறல் போட்டுவைத்தால், குழு வரும்போது மட்டம் வைத்து அளந்துகொள்ளும்.