வாடகையே தவணையைக் கட்டிவிடுமா?

"லோனில் ஒரு ஃபிளாட்டை வாங்கிப் போடு, வாடகையே இஎம்ஐயைக் கட்டிவிடும்." சென்னையில் இரண்டாவது வீடு வாங்குகிற பலர் இந்தக் கணக்கோடுதான் இறங்குகிறார்கள். கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம்.

தாம்பரம் பக்கம் 60 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி விதித்த உச்சவரம்பு வீட்டு மதிப்பில் 80 சதவீதம், அதாவது 48 லட்சம். வட்டி 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 41,650 ரூபாய். வாடகை 17,000 வருகிறது என்றால் மீதி 24,650 உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும். அதுவும் 12 மாதமும் ஆள் குடியிருந்தால். ஒருவர் காலி செய்து, வெள்ளையடித்து, அடுத்தவர் வருவதற்குள் ஒன்றிரண்டு மாதம் ஓடிவிடும். நான் எப்போதும் 10 மாத வாடகையை வைத்துத்தான் கணக்குப் போடுவேன்.

கையில் 12 லட்சம் இருந்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அது மட்டும் 5.4 லட்சம். வங்கி இதைக் கடனில் சேர்க்காது. புரோக்கர் கமிஷன், வக்கீல் செலவு, ரிப்பேர் எல்லாம் தனி. துண்டு விழுந்ததும் பர்சனல் லோன் எடுப்பவர்கள் உண்டு. அந்தத் தவணையும் சேர்ந்தால் மாதக் கடைசியில் மூச்சு முட்டும்.

"வரியிலாவது மிச்சமாகுமே?" முதல் வருட வட்டியே சுமார் 4 லட்சம். வருட வாடகை 2.04 லட்சத்தில் வரிச் சட்டம் தரும் 30 சதவீதக் கழிவு போக நிற்பது 1.43 லட்சம். அதில் வட்டியைக் கழித்தால் ஏட்டில் இரண்டரை லட்சத்துக்கு மேல் நஷ்டம். பழைய வரி முறையில் அதில் 2 லட்சம் வரை சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் கழிக்க முடியாது. நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டு இந்தப் பேச்சை எடுங்கள்.

வட்டி ஏறும்போது தவணை ஏறவில்லையே என்று நிம்மதியாக இருந்துவிடுவது இன்னொரு தவறு. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) 4-லிருந்து 6.5 சதவீதம் ஆனபோது, பல வங்கிகள் தவணையைத் தொடாமல் வருடங்களை நீட்டிவிட்டன. வருடம் ஒருமுறையாவது கடன் ஸ்டேட்மென்டை எடுத்துப் பாருங்கள்.

எனக்கு அதிகம் பயம் தருவது லீஸ்தான். வாடகை வேண்டாம், 8 லட்சம் மொத்தமாகக் கொடுங்கள் என்று வாங்கி, அதைக் கடனிலேயே கட்டிவிடுகிறார்கள். தவணை குறையும், சரி. ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் குடியிருப்பவர் காலி செய்கிறேன் என்றால் 8 லட்சத்தையும் அப்படியே எண்ணி வைக்க வேண்டும். அடுத்த ஆள் கிடைக்கும் வரை அவரும் நகர மாட்டார், உங்களுக்கும் தூக்கம் வராது. வங்கிக்குத் தெரியாமல் செய்திருந்தால் அது வேறு தலைவலி.

சாதாரண வாடகைக்கு விட்டாலும், முத்திரைத்தாளில் 11 மாத ஒப்பந்தம் எழுதினால் வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். தகராறு வந்தால் நிற்பதற்கு அதுதான் இடம். காலி செய்யும் நாளில் கரண்ட் பில்லைப் பார்க்காமல் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

கடைசியாக, கடன் முடிந்ததும் பத்திரங்களை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். வங்கியின் தவறால் 30 நாளுக்குள் பத்திரம் வராவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். பத்திரம் கைக்கு வந்தபின், சார்பதிவாளர் அலுவலகத்தில் கடன் தீர்ந்த ரசீதையும் பதிய வேண்டும். அதைச் செய்யாதவரை வில்லங்கச் சான்றில் பழைய அடமானம் அப்படியே நிற்கும். விற்கப் போகும் அன்றைக்குத்தான் அது கண்ணில் படும்.